கதவு வைத்த வகுப்பு

கெலாங் பாத்தாவில் அந்த ஆண்டு மழை சீக்கிரமே பிடித்துக்கொண்டது. மத்தியானம் வரைக்கும் தார் இளகும் வெயில் அடிக்கும். பிறகு கடற்பக்கம் கறுத்து, காற்று சேற்று வாடையோடு திரும்பும். தாமான் குடியிருப்பின் கூரைகளில் முதல் துளி விழும்போது பிரேமலா அடுப்பை அணைத்துவிட்டு மடிக்கணினியைத் திறப்பாள். மழை வலுப்பதற்குள் பிள்ளைகளை உள்ளே கொண்டுவந்துவிட வேண்டும். வலுத்துவிட்டால் இணைய லைன் இழுக்கும். பிள்ளைகளின் முகங்கள் வாய் திறந்தபடியே நின்றுவிடும்.

அவள் டியூஷன் டீச்சர். நான்காம், ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குத் தமிழும் கணக்கும். கல்யாணத்துக்கு முன்பு பெக்கோக் பக்கம் ஒரு தோட்டப் பள்ளியில் தற்காலிக ஆசிரியையாக இருந்தவள். கொரோனா அடைப்பின்போது அங்கே பழகிய கருப்பாயி என்ற தாய் கேட்டாள் என்று போனில் பாடம் சொல்ல ஆரம்பித்தது, அடைப்பு முடிந்த பிறகும் நிற்கவில்லை. பெக்கோக்கில் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் அந்தக் கருப்பாயியின் பிள்ளைகள் இரண்டு பேர், ஜோகூர் பாருவில் அரசாங்க வேலை பார்க்கும் ஷாமளாவின் மகன், இப்படி மாநிலத்தின் நாலா பக்கமிருந்தும் வந்து சேர்ந்த பிள்ளைகள். வீட்டு முன்னறையில் அலமாரியை நகர்த்தி மறைப்பாக்கி, வெள்ளைத் திரை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தாள். அதுதான் பள்ளிக்கூடம்.

அவள் வகுப்புக்கு ஒரே இணைப்புதான். யார் தட்டினாலும் திறக்கும். பெயர் கேட்காது, மின்னஞ்சல் கேட்காது, செயலி எதுவும் இறக்க வேண்டியதில்லை. கருப்பாயியின் விரிசல் விட்ட போனில்கூட அது ஓடியது. அதனால்தான் பிரேமலா அதை மாற்றாமல் வைத்திருந்தாள்.

அன்று வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தபோது திரையில் எண்ணினாள். பன்னிரண்டு பிள்ளைகள். பதின்மூன்று பெட்டிகள். கடைசிப் பெட்டியில் முகமில்லை. சாம்பல் நிறம், நடுவில் 'விருந்தினர்' என்று எழுத்து.

யார் அது என்று கேட்டாள். பதில் இல்லை. பெக்கோக் பிள்ளைகள் லைன் அறுந்து மறுபடி வந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு பாடத்தைத் தொடர்ந்தாள். கொஞ்ச நேரத்தில் பெட்டி போய்விட்டது. அடுத்த வகுப்பில் மறுபடி வந்தது. அதற்கடுத்த வகுப்பிலும். வருவது பாடம் ஆரம்பித்த பிறகு, போவது பாடம் முடிவதற்குள். பெயர் சொல்லிக் கேட்டால் உடனே மறைந்துவிடும்.

அவளுக்கு முதலில் சந்தேகம் வந்தது ஷாமளா மேல். ஷாமளா எல்லாவற்றையும் கேள்வி கேட்கிறவள். பாடத்தைப் பதிவு செய்து ஏன் அனுப்புவதில்லை, எந்தப் பிள்ளைக்கு எத்தனை கேள்வி கேட்டீர்கள் என்று வாட்ஸ்அப் புலனக் குழுவில் எழுதுவாள். வேலை இடத்திலிருந்து ஒளிந்து பார்க்கிறாள் போலும் என்று பிரேமலா நினைத்தாள். நாசூக்காக விசாரித்ததற்கு, எனக்கு அதற்கெல்லாம் நேரமில்லை டீச்சர், பார்க்க வேண்டுமென்றால் பேரைப் போட்டுக்கொண்டே வந்து பார்ப்பேன் என்று ஷாமளா சொல்லிவிட்டாள். அப்படிச் சொன்னதாலேயே பிரேமலாவுக்குச் சந்தேகம் போகவில்லை.

பிறகு அது புருஷன் பக்கம் திரும்பியது. சுகுமாறன் சிங்கப்பூரின் துவாஸில் ஒரு தொழிற்சாலையில் பாரந்தூக்கி வண்டி ஓட்டுகிறவன். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் இரண்டாம் பாலத்தைத் தாண்டிப் போய், சாயங்காலம் மழையங்கியோடு சொட்டச் சொட்ட வருவான். அவன் ஓவர்டைம் செய்கிற நாள்களில்தான் அந்தச் சாம்பல் பெட்டி வருகிறது என்று ஒருநாள் அவளுக்குத் தோன்றியது. தோன்றிய பிறகு அதை விட முடியவில்லை. வகுப்பில் பெட்டி இருக்கும்போதே, பிள்ளைகளுக்கு ஒரு கணக்கைக் கொடுத்துவிட்டு, போனில் அவனைக் கூப்பிட்டாள். அவன் எடுத்தான். பின்னால் வண்டிகள் பின்வாங்கும் கூக்கூ சத்தமும் யாரோ சீனத்தில் கத்துவதும் கேட்டன. என்ன சொல்வது என்று தெரியாமல் உப்பு வாங்கிக்கொண்டு வரச் சொன்னாள். பெட்டி அசையாமல் அங்கேயே இருந்தது.

அன்று சாயங்காலம் உப்புப் பொட்டலத்தை வைக்கப்போன சுகுமாறன், அடுக்களையில் ஏற்கெனவே இரண்டு பொட்டலம் பிரிக்காமல் இருப்பதைப் பார்த்தான். நெத்திலி சம்பலும் கீரையும் போட்டு வைத்திருந்த சாப்பாட்டை முடித்து, கையைக் கழுவிவிட்டு வந்துதான் பேசினான்.

"உப்புக்காக நீ போன் பண்ணல."

அவள் உண்மையைச் சொன்னாள். அவன் கோபப்படவில்லை. ஆனால் முகம் இறுகிவிட்டது.

"நான் வேவு பாக்கறேன்னு நினைச்சியா?"

"யாருன்னு தெரியலைங்க. தெரியாதப்ப எல்லார் மூஞ்சியும் அதுல தெரியுது."

அவன் பாலில்லாத தெ ஓ தேநீரை உறிஞ்சி முடித்தான். பிறகு, உன்னைப் பார்க்க வருகிறானா, பிள்ளைகளைப் பார்க்க வருகிறானா என்பதுதான் கேள்வி என்றான். அந்தப் பேச்சு அவளுக்குப் பிடிக்கவில்லை. இரண்டு நாள் வீட்டில் சாப்பாடு தவிர வேறு பேச்சில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவனாகவே முன்வந்து, வேறு வகுப்பறை பார்க்கலாம் என்றான். அவனோடு வேலை செய்யும் தீபன் என்பவனின் மனைவியும் இணையத்தில் பாடம் எடுக்கிறவள். அவளிடம் கேட்டு இரண்டு வகை எழுதிக்கொண்டு வந்திருந்தான். அன்று மத்தியானம் முழுக்கச் சோதனை நடந்தது. பிரேமலா திரைக்கு முன்னால் டீச்சராக உட்கார்ந்தாள். சுகுமாறன் கையில் ஒரு பழைய போனோடு பின்கட்டில் துணி காயும் கொடிக்குக் கீழே நின்று பிள்ளையானான். பெக்கோக் தோட்டத்தில் லைன் எவ்வளவு மெதுவோ அவ்வளவு மெதுவாக வேண்டும் என்று வீட்டு வைஃபையை அணைத்துவிட்டிருந்தார்கள்.

முதல் வகையில் பெரிய பலகை இருந்தது. பிள்ளைகள் விரலால் எழுதலாம், சரியாகச் சொன்னால் நட்சத்திரம் விழும், கை தட்டும் சத்தம் வரும். பிரேமலாவுக்கு ஆசையாக இருந்தது. ஆனால் சுகுமாறன் எழுதிய 'அ' வந்து சேர்வதற்குள் அவள் அடுப்பில் வைத்த சோறு பொங்கிவிட்டது. டேட்டாவும் தண்ணீராய்ப் போனது.

இரண்டாவது வகையில் கதவு இருந்தது. வருகிறவர் வெளியே காத்திருக்க வேண்டும். டீச்சருக்குப் பெயர் தெரியும். அவள் விட்டால்தான் உள்ளே வரலாம். வேண்டாமென்றால் வெளியேற்றலாம், பாடம் ஆரம்பித்ததும் பூட்டிவிடலாம். சுகுமாறனுக்கு அது பிடித்துப்போனது. இதை எடு என்றான். ஆனால் அதற்கு மின்னஞ்சல் கணக்கு வேண்டும், செயலியை இறக்க வேண்டும். பழைய போன் அதை ஏற்கவே இல்லை. சக்கரம் சுற்றிச் சுற்றி நின்றது.

"கருப்பாயி பிள்ளைங்க இதுல வர முடியாது" என்றாள் பிரேமலா.

"ரெண்டு பிள்ளைக்காக மத்த பிள்ளைங்கள திறந்த வீட்டுல வைப்பியா?"

"அந்த ரெண்டு பிள்ளைக்காகத்தான்ங்க இதையே ஆரம்பிச்சேன்."

முடிவு எடுக்காமலே சோதனை முடிந்தது. பழைய இணைப்பிலேயே வகுப்பு தொடர்ந்தது.

அந்த வாரம் யோகேஸ்வரி கூப்பிட்டாள். அவள் ஐந்தாம் ஆண்டு லோஷினியின் தாய். கெலாங் பாத்தாவிலேயே ஒரு கடலுணவுக் கடையின் அடுக்களையில் இறால் உரித்து, நண்டு கழுவும் வேலை. வகுப்பில் சேர்க்கும்போது சிரம்பானிலிருந்து குடிவந்ததாகச் சொல்லியிருந்தாள். ஆனால் லோஷினி ஒருநாள் ஆறுகளைப் பற்றிய பாடத்தில், மூவாரில் எங்கள் வீட்டுப் பக்கம் என்று ஆரம்பித்து, சட்டென்று நிறுத்திக்கொண்டாள். அந்தப் பிள்ளையின் கேமரா எப்போதும் வெறும் சுவரைத்தான் காட்டும். ஒரு படமில்லை, நாள்காட்டியில்லை. பிரேமலா இதையெல்லாம் கவனித்து மனசில் போட்டு வைத்திருந்தாள்.

யோகேஸ்வரி சுற்றி வளைத்துத்தான் பேசினாள். வகுப்பில் பிள்ளையின் முழுப்பெயர் தெரியாமல் செய்ய முடியுமா? பெயரில்லாமல் யாராவது வந்தால் அது யாருடைய போன் என்று டீச்சரால் கண்டுபிடிக்க முடியுமா? பிள்ளை எந்த ஊரிலிருந்து பேசுகிறது என்று மற்றவர்களுக்குத் தெரியவருமா?

பிரேமலாவுக்கு அந்தக் கேள்விகள் எல்லாமே தப்பாகப் பட்டன. இணைப்பை யாருக்கோ கொடுத்துவிட்டு, மாட்டிக்கொள்வோமா என்று ஆழம் பார்க்கிறாள் என்று தோன்றியது. ஏற்கெனவே ஊர் விஷயத்தில் பொய் சொன்னவள்.

"இதெல்லாம் நீங்க ஏன் கேக்கறீங்க?" என்றாள்.

அந்தப் பக்கம் பாத்திரங்கள் உரசின. யோகேஸ்வரி சும்மாதான் கேட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை கட்டுரைப் பாடம். பார்த்ததை அப்படியே சொல்லப் பழக வேண்டும் என்பதற்காகப் பிரேமலா ஒரு பயிற்சி வைத்தாள். அவரவர் ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். கருப்பாயியின் மகன் தோட்ட லைன்வீட்டு வாசலில் கவிழ்த்து வைத்த தள்ளுவண்டியையும் அதன் மேல் உட்கார்ந்திருந்த சேவலையும் சொன்னான். ஷாமளாவின் மகன் கார் நிறுத்துமிடம் என்று ஒரே வார்த்தையில் முடித்தான். லோஷினி மட்டும் தயங்கினாள். ஜன்னல் பூட்டியிருக்கிறது என்றாள். திறந்து பார்த்துச் சொல்லும்மா, வெட்கப்படாதே என்று பிரேமலா ஊக்கினாள். பிள்ளை எழுந்து போய்த் திறந்தது.

நன்றாகத்தான் சொன்னாள். கீழே காடி கழுவுகிற கடையில் நுரை பூசிய கார்கள், அதற்கு மேலே நீலக் கேன்வாஸ் கூடாரம். பக்கத்தில் வாழைப்பழம் பொரிக்கும் ஆன்ட்டியின் குடை. எதிரில் கட்டி முடிக்காமல் விட்ட கடை வரிசை. அதன் மாடியில் மரம் முளைத்திருக்கிறது. பிரேமலா எல்லாப் பிள்ளைகளையும் கை தட்டச் சொன்னாள். அன்று சாம்பல் பெட்டி பாடம் முடிகிற வரைக்கும் இருந்தது. நல்ல கட்டுரை கிடைத்த சந்தோஷத்தில் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை மழை இல்லை. புழுக்கம். வகுப்பு முடிந்து பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கை காட்டிவிட்டுப் போனார்கள். பெட்டிகள் அணைந்துகொண்டே வந்து கடைசியில் இரண்டு மிஞ்சின. பிரேமலாவின் முகம், சாம்பல் பெட்டி.

அவள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். சுகுமாறன் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து குளித்துக்கொண்டிருந்தான். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"டீச்சர், வணக்கம். பயப்படாதீங்க" என்றது ஓர் ஆண் குரல். "நான் லோஷினியோட அப்பா. ரூபேந்திரன்."

குரல் தணிந்து, மரியாதையாக இருந்தது. மூவாரில் நாற்காலி செய்யும் தொழிற்சாலையில் மரம் இழைக்கும் வேலை என்றான். மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சொல்லாமல் போய்விட்டாள். எங்கே என்று தெரியாது. உயிரோடு இருக்கிறதா என்றுகூடத் தெரியாமல் கிடந்தேன். இந்த வகுப்பில்தான் முகத்தைப் பார்த்தேன். மன்னிக்க வேண்டும், டீச்சர். வேலை இடத்தில் மரத்தூளுக்கு நடுவே போனைப் பிடித்துக்கொண்டு பார்ப்பேன். இணைப்பு எப்படிக் கிடைத்தது என்று அவள் கேட்டதற்கு, மூவாரில் தெரிந்தவர்கள் கொடுத்தார்கள் என்று மட்டும் சொன்னான்.

"முடி வெட்டியிருக்கா" என்றான். "யாரு வெட்டினாங்களோ, ஒரு பக்கம் ஏறிப் போயிருக்கு. முன்னெல்லாம் நான்தான் கூட்டிட்டுப் போவேன்."

பிரேமலாவின் சொந்த மகன் பினாங்கில் படிக்கிறான். ஒரு வாரம் போன் வராவிட்டாலே அவள் நிலைகொள்ளாமல் திரிவாள். இத்தனை நாளும் இந்த மனிதனையா ஏதோ போல நினைத்தோம் என்று அவளுக்கு வெட்கமாகிவிட்டது. சுகுமாறன் தலையைத் துவட்டிக்கொண்டே அலமாரிக்குப் பக்கத்தில் வந்து நிற்பதைக் கண்டாள். வைத்துவிடு என்று அவன் கையால் காட்டினான். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"என்னை வெளிய தள்ளிராதீங்க டீச்சர். நான் பேச மாட்டேன். ஒரு மூலையில இருந்துட்டுப் போயிருவேன்."

"அவங்க அம்மாகிட்ட நான் ஒரு வார்த்தை..."

"வேணாம் டீச்சர். சொன்னா பிள்ளைய வகுப்புலேருந்தே நிறுத்திருவா." கொஞ்சம் நிறுத்தினான். பிறகு அதே தணிந்த குரலில் கேட்டான். "கெலாங் பாத்தால இருக்காங்கன்னு மூவார்ல காதுல விழுந்துச்சு. சனிக்கிழமை அங்க வந்தேன். காடி கழுவற கடையில நீலக் கேன்வாஸ் போட்டது ரெண்டு இருக்கு, ரெண்டுக்கு எதிர்லயும் கட்டி முடிக்காத கடை வரிசை. ஒண்ணு பசார் பக்கம், இன்னொண்ணு ஸ்கூல் பக்கம். எது டீச்சர்?"

பிரேமலாவின் கை கணினி எலியின் மேல் இருந்தது. அது நகரவில்லை. சுகுமாறன்தான் குனிந்து, மடிக்கணினியை மூடினான்.

அவள் யோகேஸ்வரியைக் கூப்பிட்டபோது அடுப்பின் இரைச்சலுக்கு மேல் கத்த வேண்டியிருந்தது. இரண்டாவது முறை சொன்ன பிறகுதான் அந்தப் பக்கம் புரிந்தது. யோகேஸ்வரி ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளை வீட்டில் தனியாக இருக்கிறாள், நான் வருவதற்கு நேரமாகும், நீங்கள் போக முடியுமா என்றாள். முகவரி சொன்னாள். பசார் பக்கத்துக் கடைக்கு மேலே மூன்றாம் மாடி.

சுகுமாறன் காடியை எடுத்தான். போகிற வழியெல்லாம் பிரேமலா நிறுத்தி வைத்திருக்கும் காடிகளின் எண்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். எந்த எண்ணைத் தேடுகிறாள் என்று அவளுக்கே தெரியாது. மோட்டார் சைக்கிளில் சாய்ந்து புகை பிடித்துக்கொண்டிருந்த ஒருவனைக் கண்டு அவள் கணவனின் தோளைப் பிடித்தாள். அவன் யாரோ. வாழைப்பழம் பொரிக்கும் பெண் எண்ணெய்ச் சட்டியை இறக்கிக்கொண்டிருந்தாள். மாடியில் லோஷினி கதவைத் திறக்க மறுத்தாள். டீச்சர்தான் என்று பிரேமலா பேசிக்காட்டிய பிறகுதான் தாழ்ப்பாள் விலகியது. பெட்டிக்குள் மட்டுமே பார்த்திருந்த பிள்ளை. நேரில் இன்னும் சின்னதாக இருந்தாள்.

போலீஸ் நிலையத்தில் யோகேஸ்வரி நேராகக் கடை அடுக்களையிலிருந்து வந்து சேர்ந்தாள். ரப்பர் காலணி, இறால் வாடை. நீதிமன்றம் கொடுத்திருந்த பாதுகாப்பு உத்தரவைப் போனில் எடுத்துக் காட்டினாள். அவளுடைய இடது முழங்கை முழுதாக நீளாது என்பதைப் பிரேமலா அப்போதுதான் பார்த்தாள். லோஷினியைச் சுகுமாறனோடு வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, யோகேஸ்வரி மலாயில் நடந்ததையெல்லாம் சொன்னாள். ரூபேந்திரன் பிள்ளையை அடித்ததில்லை. பிள்ளைக்கு முன்னால்தான் இவளை அடிப்பான். எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரப் பெண், வீடு எங்கே என்று அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டாள். பிரேமலா ஜன்னல் கட்டுரையைப் பற்றிச் சொன்னாள்.

புகாரை வாங்கிக்கொண்ட போலீஸ் அவனைத் தேடுவதாகச் சொன்னது. வெளியே வந்ததும் யோகேஸ்வரி கோபமாகப் பேசுவாள் என்று பிரேமலா எதிர்பார்த்தாள். அவள் அசதியாகத்தான் பேசினாள்.

"அன்னிக்கே கேட்டேன் டீச்சர். ஏன் கேக்கறீங்கன்னு கேட்டீங்க. எல்லாரும் அதைத்தான் கேப்பாங்க. அதுக்கு மேல எனக்குச் சொல்ல வரல."

தாயும் மகளும் அன்று பிரேமலாவின் வீட்டில் தங்கினார்கள். மறுநாள் காலையில் யோகேஸ்வரிக்குத் தெரிந்த யாரோ வந்து அழைத்துப் போனார்கள். எந்த ஊர் என்று பிரேமலா கேட்கவில்லை. சுகுமாறன் ரொட்டியும் பாலும் வாங்கிப் பிள்ளையின் கையில் கொடுத்தான். லோஷினி வாங்கிக்கொண்டு நன்றி அங்கிள் என்றாள். வேறு ஒன்றும் பேசவில்லை. முதல்நாளிலிருந்தே அவள் பேசவில்லை. பயந்துபோயிருக்கிறாள் என்று பெரியவர்கள் நினைத்தார்கள்.

அதன் பிறகு பிரேமலாவுக்கு இரண்டாம் பேச்சே இல்லை. கதவு வைத்த வகுப்பறையையே எடுத்தாள். கூடவே, இணைப்பைக் கொடுத்தது யார் என்ற கேள்வி அவளை அரித்தது. ஷாமளாவின் தங்கை மூவாரில் இருக்கிறாள் என்பது குழுவில் எல்லாருக்கும் தெரியும். மகனுக்கு உடம்பு சரியில்லாதபோது பாடத்தைப் பார்க்கத் தங்கைக்கு இணைப்பை அனுப்பியதாக ஷாமளாவே ஒருமுறை எழுதியிருந்தாள். பிரேமலாவுக்கு அது போதும். புதிய வகுப்புக்கு ஷாமளாவின் மகனைச் சேர்க்கவில்லை. காரணத்தையும் எழுதினாள். ஷாமளா போன் செய்தபோது குரல் நடுங்கியது. என் தங்கை எவனுக்கோ பிள்ளைகளைக் காட்டிக்கொடுப்பாள் என்று நினைக்கிறீர்களா, ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருக்கலாமே என்றாள். பிரேமலா பதில் சொல்லாமல் வைத்துவிட்டாள்.

கருப்பாயியிடம் சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது. செயலி ஏறாது, போன் பழசு என்று விளக்கினாள். கருப்பாயி பொறுமையாகக் கேட்டாள். சம்பளம் வந்து வேறு போன் வாங்கும்வரை பிள்ளைகள் சும்மா இருக்கட்டும் என்றாள். கடைசியில், "எங்களால மத்த பிள்ளைங்களுக்கு ஒண்ணும் வந்துறக் கூடாது டீச்சர்" என்றாள். தங்களால்தான் வந்தது என்று நினைத்துக்கொண்டுவிட்டாள். இல்லை, இல்லை என்று பிரேமலா எவ்வளவு சொல்லியும் அது போய்ச் சேர்ந்ததாகத் தெரியவில்லை. சனிக்கிழமைகளில் வெறும் குரலில், சாதாரணப் போன் அழைப்பில், அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் தனியாகப் பாடம் சொல்வது என்று முடிவானது.

புதிய வகுப்பின் முதல் நாள் பிரேமலா கோயிலுக்குப் போய்வந்துதான் உட்கார்ந்தாள். பெயர்கள் வரிசையாக வந்து வெளியே நின்றன. ஒவ்வொரு பெயரையும் பட்டியலோடு ஒத்துப் பார்த்து, முகம் தெரிந்த பிறகு உள்ளே விட்டாள். லோஷினி அவள் தாய் தேர்ந்தெடுத்த வேறொரு பெயரில் வந்தாள். பின்னால் பச்சைத் துணி கட்டியிருந்தது. இனி வரவேண்டியவர் யாருமில்லை. பூட்டப்போனாள்.

அப்போது இன்னும் ஒருவர் தட்டினார். கணக்கின் பெயரையே அப்படி வைத்திருந்தார்: 'விருந்தினர்'.

இந்த இணைப்பு அன்று காலையில்தான் உருவானது. ஷாமளாவிடம் இல்லை. மூவாரில் யாரிடமும் இல்லை. தாய்மார்கள் ஒன்பது பேர் தவிர யாருக்கும் பிரேமலா அனுப்பவில்லை. அந்த ஒன்பது முகங்களும் அவள் மனசில் ஒவ்வொன்றாக வந்து போயின.

திரையின் ஓரத்தில் ஒரு செய்தி விழுந்தது. டீச்சருக்கு மட்டும் தெரியும் செய்தி. லோஷினி எழுதியிருந்தாள்.

'டீச்சர் அப்பாவை உள்ள விடுங்க. மழைல நிக்கறாங்க.'

பிரேமலா அதை இரண்டு முறை வாசித்தாள். வெளியே காத்திருப்பது என்றால் பிள்ளைக்கு அப்படித்தான் தோன்றியிருக்கிறது. அவள் விருந்தினரை மறுத்தாள். வகுப்பைப் பூட்டினாள். அன்றைய பாடத்தை எப்படி நடத்தினாள் என்று பிறகு அவளுக்கு நினைவில்லை. ஏதோ வினைச்சொற்கள். முடிந்ததும் லோஷினியை மட்டும் இருக்கச் சொன்னாள்.

"நீதான் அனுப்பினியாம்மா?"

பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள். "அப்பா போன் கேம்ல பேசுவாங்க. வெளிய நிக்கறேன்னு இப்ப அதுலதான் எழுதினாங்க. அம்மாவுக்குத் தெரியாது. உன்னைப் பாக்கணும்னு அழுதாங்க. வகுப்புக்கு வந்தா பாக்கலாம்னு நான்தான் சொன்னேன்."

"பழைய வகுப்புக்கும் நீதானா?"

"ம்."

பிரேமலாவுக்கு ஷாமளாவின் நடுங்கிய குரல் நினைவுக்கு வந்தது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ள வேண்டும். "வீடு எங்கன்னும் கேட்டாங்களா?"

"கேட்டாங்க. நிறைய தடவ கேட்டாங்க. நான் சொல்லவே இல்ல டீச்சர்." லோஷினி நிமிர்ந்தாள். அழவில்லை. கணக்கில் தன் விடை சரிதான் என்று வாதாடும் பிள்ளையின் முகம். "அம்மா யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னாங்க. ஜன்னலையும் திறக்கக் கூடாதுன்னாங்க. அப்பா கேட்டப்பக்கூட சொல்லல. நீங்க கேட்டீங்க. டீச்சர் கேட்டா சொல்லணும்ல?"

அடுக்களையில் சுகுமாறன் எதையோ வதக்கிக்கொண்டிருந்தான். வெங்காயம் கருகும் வாசம் வந்தது. பிரேமலா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரைக்கு நெருக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

"உன்மேல தப்பில்லம்மா. நான் அதைக் கேட்டிருக்கக் கூடாது. என்மேலதான் தப்பு."

"அம்மாகிட்ட சொல்லிருவீங்களா?"

"சொல்லித்தான் ஆகணும். உன்னை ஏச விடமாட்டேன். நானும் கூட இருக்கேன், நம்ம ரெண்டு பேரும் சேந்து சொல்லலாம். அம்மா வீட்டுல இருக்காங்களா?"

"சோறு வடிச்சிட்டிருக்காங்க."

"கூப்பிடு."

லோஷினி நாற்காலியில் திரும்பி, பச்சைத் துணியை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, "அம்மா, இங்க வாங்க" என்று கூப்பிட்டாள்.